செல்லிப்பட்டுக்கு வந்த ஸ்பெயின் பாட்டில்

"இத எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

பாரீஸிலிருந்து இரண்டு வருடம் கழித்து வந்திருக்கும் மகனைப் பார்த்து அக்கா இப்படித்தான் கேட்டார். அவன் பெட்டியைத் திறந்து சாக்லேட், சென்ட், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் (செல்லிப்பட்டு வெயிலில் ஸ்வெட்டர்!) என்று வரிசையாக எடுத்து வைக்கும்வரை முகமெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தார். கடைசியாக ஒரு டவலில் சுற்றியிருந்த பாட்டிலை அவன் எடுத்துக் கூடத்து ஜன்னலில் வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் வீட்டுக்காரர் சாராயத்தால் போனவர். நாற்பத்தாறு வயது. புதுச்சேரி கிராமங்களில் இந்தக் கதை இல்லாத தெரு குறைவு. அப்பாவை அப்படிப் பறிகொடுத்த பையன்தான், பிரெஞ்சு குடியுரிமை உள்ள சொல்தா குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததோ பாரீஸில் ஒரு ரெஸ்டாரன்டில். முதலில் தட்டு கழுவினான். இப்போது ஒயின் பரிமாறுகிறான். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வது அவன் வேலை. அவன் குடிப்பதில்லை. வாயில் ஊற்றி, கொப்பளித்து, துப்பிவிட வேண்டும்; அதுதான் அந்தத் தொழிலின் வழக்கமாம்.

"வாயில வெச்சுத் துப்புறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்றார் அக்கா.

"துப்பலன்னா வேலைல இருக்க முடியாதும்மா" என்றான்.

பாட்டிலை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே வெளிறிய வைக்கோல் நிறத்தில் திரவம். லேபிளில் எழுதியிருந்ததில் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது: காடிஸ். ஸ்பெயினின் தெற்குக் கோடியில் இருக்கும் துறைமுகம். பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்த பெயர்.

"இது ஷெர்ரி ஊர்ல செஞ்ச ஒயின் மாமா. ஆனா ஷெர்ரி இல்ல" என்று ஆரம்பித்தான்.

காடிஸ் மாவட்டத்தில் ஹெரெஸ் என்று ஓர் ஊர். அரபியர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் ஷெரிஷ். ஆங்கிலேயர் வாயில் அது ஷெர்ரி ஆனது. ஹெரெஸ், அதையடுத்துக் கடலோரத்தில் இருக்கும் சான்லூகர், எல் புவெர்ட்டோ ஆகிய மூன்று ஊர்களும்தான் ஷெர்ரியின் தாய்வீடு. பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து ஒயின் ஆக்குவார்கள். அதில் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைக் கொஞ்சம் சேர்த்து வீரியத்தைக் கூட்டுவார்கள். ஃபினோ என்ற மெல்லிய வகை 15 சதவீதம், ஒலரோஸோ என்ற கனத்த வகை 17-க்கும் மேல். பிறகு பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்து, பழையதில் புதியதை வருடக்கணக்காகக் கலந்துகொண்டே இருப்பார்கள்.

ஃபினோவுக்கான பீப்பாயை முழுசாக நிரப்புவதில்லை. மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். அங்கே ஒயினின் மேல், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல, ஈஸ்ட் ஒரு வெள்ளைப் படலமாகப் படிகிறது. கீழே உள்ள ஒயினைக் காற்று தொட்டுக் கெடுக்காமல் அது காக்கிறது. அந்தப் படலத்துக்கு ஸ்பானியப் பெயர் ஃப்ளோர். அப்படியென்றால் பூ.

"ஊறுகா பூத்துப் போச்சுன்னு நாம சொல்ற மாதிரியா?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அதே பூதாம்மா. நாம கொட்டிடுவோம், அவன் வித்துடுவான்."

அவன் கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது அந்த ஷெர்ரி அல்ல. அதே மண், அதே திராட்சை, ஆனால் சாராயம் கலக்காதது. சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளும் சாதாரண வெள்ளை ஒயின். ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் இதைச் சாப்பாட்டு ஒயின் என்றே அழைத்திருக்கிறார்கள். ஷெர்ரி உலகப்புகழ் பெற்றதும் இது ஓரத்துக்குப் போய்விட்டது. ஷெர்ரியின் மவுசு குறைந்து, திராட்சைத் தோட்டங்களைப் பிடுங்கிப் போடும் நிலை வந்த பிறகு, இப்போது இளைய தலைமுறை மறுபடி இதைக் கையில் எடுத்திருக்கிறது.

பெயர் 'ட்ரை'. ஈரமாக இருப்பதற்கு ஏன் ட்ரை என்று பெயர் என நான் கேட்டேன். இனிப்பு துளியும் இல்லாததைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். திராட்சைச் சாற்றின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் அது ட்ரை. பாதியில் நிறுத்தினால் இனிப்பு ஒயின். நமக்கு இது புதிதல்ல. பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் காலையில் பதநீர், இனிக்கும். சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால் கள், நேரமாக ஆகப் புளிக்கும். ஈஸ்ட்டைத் தின்ன விடுகிறோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

"சுண்ணாம்புன்னு சொன்னீங்க இல்ல, அங்க மண்ணே சுண்ணாம்புதான் மாமா" என்று போனில் ஒரு படம் காட்டினான். கண் கூசும் வெள்ளை நிலம். உப்பளம் என்றே நினைத்தேன். அல்பரீஸா என்று பெயராம். பழைய கடலடி மேலே வந்து நிலமானது. கடல் நுண்ணுயிர்களின் கூடுகள் படிந்து படிந்து ஆன மண். அந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் மழை. அதுவும் குளிர்காலத்தோடு சரி. கோடையில் ஒரு துளி விழாது. அந்த மண் குளிர்கால மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் ஏறியதும் மேல்பரப்பு ஓடுபோல இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மூடிக்கொள்கிறது. கொடிகள் அந்தச் சேமிப்பில்தான் கோடையைத் தாண்டுகின்றன.

அதையும் அவர்கள் மண்ணின் குணத்துக்கே விட்டுவிடுவதில்லை. அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாத்திகளாகக் குழி வெட்டுகிறார்கள். சரிவில் ஓடிவரும் மழைநீர் அதில் தேங்கி, நின்று, இறங்கும். மழைக்காலம் போனதும் குழிகளை நிரவிவிடுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வெட்டுவார்கள். அலுக்காமல்.

இதைக் கேட்டதும் அக்கா முதல்முறையாகப் பாட்டிலைப் பார்த்தார். "தண்ணிய நிறுத்துறானுங்களா?" என்றார். "நம்ம ஊர்ல நிறுத்தி வெச்சத அவுத்து விட்டுட்டு நிக்கிறோம்."

மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு அணைக்குப் போனேன்.

செல்லிப்பட்டுக்கும் எதிர்க்கரைப் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே சங்கராபரணி ஆற்றின் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் 1906-ல் கட்டிய படுகை அணை. மேட்டூர், வீடூர் மாதிரி பெரிய அணையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆற்றுப் படுகையோடு படுகையாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலாகத் தெரியும் தடுப்புச் சுவர், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் மேலே வழிந்து போகும். வெள்ளம் வடிந்ததும் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கம் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் போர்களுக்கும் போய்ச் சேரும். கரையோரக் கழனிகளில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். விடுமுறை நாட்களில் புதுச்சேரியிலிருந்து பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வரும். அக்கா மகன் நீச்சல் பழகியதும் அங்கேதான்.

2021 நவம்பரில் பெய்த மழையில் வீடூர் அணை நிரம்பி, உபரி நீர் மொத்தமும் ஆற்றில் இறங்கியது. 115 வருடம் நின்ற சுவர் அந்த வெள்ளத்தில் உடைந்தது.

அடுத்த ஆண்டு ஆடியில் நாங்கள் போய் நின்றபோது, உடைப்பு வழியாக ஆறு மெல்லிசாகப் போய்க்கொண்டிருந்தது. மணல் திட்டு, அதில் நாணல், இரண்டு கொக்கு. அவன் எதுவும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உடைந்த சுவரின் முனைவரை நடந்துபோய் உட்கார்ந்தான். அங்கிருந்த பெரியவர் ஒருவர், மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிவந்தவர், "எந்த ஊர்ப்பா?" என்றார். "இதே ஊர்தான் பெரியப்பா" என்றான். பெரியவர் அவன் ஷூ மார்க் டி-ஷர்ட்டைப் பார்த்து நம்பாமல் சிரித்தார்.

எங்கள் பக்கம் ஆண்டு மழை சுமார் 1,300 மில்லிமீட்டர். ஹெரெஸில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு மாதத்தில் கொட்டி முடித்துவிட்டுப் போய்விடும். நிறுத்த இடமிருந்தால் நமக்கு. இல்லாவிட்டால் கடலுக்கு.

"இந்தத் தண்ணி நேரா எங்க போகுது மாமா?" என்று கேட்டான். சின்ன வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வா, பார்த்துவிடுவோம் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வழியில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தாண்டி வருகிறது சங்கராபரணி. செஞ்சியாறு, வராக நதி என்றெல்லாம் அதற்குப் பெயர்கள். மொத்த நீளமே 80 கிலோமீட்டருக்குள். பத்துக்கண்ணு வழியாக வில்லியனூர் வந்து, திருக்காமீஸ்வரர் கோயில் வாசலில் ஒரு டீ குடித்தோம். திருக்காஞ்சியில் ஆற்றங்கரைச் சிவன் கோயில். காசியைவிட வீசம் அதிகம் என்பார்கள் ஊர்க்காரர்கள். அதற்கப்பால் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு, படகுக் குழாமுக்குப் போயிருப்பீர்கள். இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம்.

அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் போகும் சாலையில், காக்காயன்தோப்புப் பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. தோப்பும் மேடுமாக இருக்கும். பெரிதாக எதுவும் பார்க்கக் கிடைக்காது. மரங்களுக்கிடையே ஒரு பழைய கட்டடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கும். அதைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடம். ரோமானியர் விஷயமெல்லாம் காலடிக்குக் கீழே.

1768-ல் புதுச்சேரிக்கு வந்த லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் இங்கே ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்து எழுதி வைத்தார். (பாவம், அவர் வந்தது சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க. 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது.) பிறகு 1930-களில் ழுவோ துப்ரேய் என்ற பேராசிரியர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மழைக்குப் பின் பொறுக்கி வரும் மணிகளைக் கவனித்தார். அவற்றில் ஒரு கல்லில் ரோமானியத் தலை செதுக்கியிருந்தது. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் உடைந்த ஜாடியின் கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்துத் திடுக்கிட்டார். மத்தியதரைக் கடல் ஜாடி! எங்கே கிடைத்தது என்று விசாரித்து, 1945-ல் அரிக்கமேட்டில் வந்து தோண்டினார். 150 அடி நீளக் கிடங்கு ஒன்றின் செங்கல் சுவர், இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாண்டங்கள், ஜாடித் துண்டுகள் என்று வெளிவந்தன. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் கையேட்டில் பொதுகே என்று குறிப்பிடும் துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பின்னர் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் இங்கே அகழாய்வு நடத்தினார்கள்.

அந்த ஜாடிகளுக்கு ஆம்ஃபோரா என்று பெயர். இரண்டு பக்கமும் கைப்பிடி, அடிப்பக்கம் கூம்பு. தரையில் நிற்காத ஜாடியை யார் செய்வார்கள் என்று தோன்றும். கப்பலில் அடுக்குவதற்கு அதுதான் வசதி. கீழ் வரிசையின் தோள்களுக்கு நடுவே மேல் வரிசையின் கூம்பு இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அலையில் ஆடாது. கூம்பு மூன்றாவது பிடியும்கூட, கவிழ்த்து ஊற்ற. ரோமானியர் அளவையில் ஓர் ஆம்ஃபோரா என்பது சுமார் 26 லிட்டர். உள்ளே ஒழுகாமலிருக்க மரப்பிசின் பூசுவார்கள். வந்த சரக்கில் முக்கியமானது ஒயின்.

அக்கா மகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மாமா, அப்ப நான்தான் முதல்ல கொண்டாந்தேன்னு நெனச்சேன்!"

ஆற்றோரம் இறங்கினோம். கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும் கழிமுகம். எதிர்க்கரையில் அலையாத்திச் செடிகள். இந்தப் பக்கம் கரை செங்குத்தாக அரித்துப் போயிருக்கிறது. அரிந்த கேக் மாதிரி மண் அடுக்குகள் தெரிகின்றன, அடுக்குகளுக்கிடையே ஓட்டாஞ்சில்லுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் விழுகின்றன. தென்னந்தோப்பு விளிம்பில் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையை ஆறு படிக்குமா?

அவன் ஒரு சில்லைக் கையில் எடுத்தான். கனமாக, வெளிர் சிவப்பில், ஒரு பக்கம் வளைந்து இருந்தது. அது யவன ஜாடியா, போன வருடத்துப் பானையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நெடுநேரம் வைத்திருந்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான். எடுத்துப் போவது சட்டப்படி குற்றம் என்று நான் சொல்வதற்கு முன்பே வைத்துவிட்டான்.

மதியம் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில், அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் கூடம். ஜாடிகளின் முன்னால் நின்று அவன் போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டே இருந்தான். காடிஸ் ஒயின் இங்கே வந்ததா என்பது அவன் கேள்வி. வந்திருந்தால் அவன் பாட்டிலுக்கு இரண்டாயிரம் வருடத்துப் பாட்டன் கிடைத்துவிடுவான் இல்லையா?

அரிக்கமேட்டு ஜாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர். கைப்பிடியின் வளைவு, மண்ணின் நிறம், களிமண்ணில் கலந்திருக்கும் துகள் இவற்றைக்கொண்டு எந்த ஊர் ஜாடி என்று சொல்லக்கூடியவர். அவர் முடிவுப்படி, இங்கே கிடைத்தவற்றில் அதிகம் கிரேக்கத்தின் காஸ் தீவு ஒயின் ஜாடிகள். இரட்டைக் குழலை ஒட்டியதுபோன்ற கைப்பிடி அதன் அடையாளம். இத்தாலிய ஒயின் ஜாடிகளும் உண்டு. ஸ்பெயின் ஜாடித் துண்டுகளும் இருந்தன! ஆனால் அவற்றில் வந்தது ஒயின் இல்லை. மீன்சாறு.

கேரம் என்று அதற்குப் பெயர். மீனையும் மீன் குடலையும் உப்புப் போட்டுத் தொட்டிகளில் அடைத்து, வெயிலில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, கசிந்து வரும் சாற்றை வடித்து எடுப்பார்கள். ரோமானியர் எல்லாச் சமையலிலும் அதை ஊற்றினார்கள். அதற்குப் பேர்போன கரைகளில் ஒன்று காடிஸ். அந்தப் பக்கத்துக் கடலோரத்தில் பைலோ கிளாடியா என்ற பழைய ஊரில், மீனை உப்பில் ஊறப்போட்ட கல்தொட்டிகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. நெத்திலிக் கருவாடு காய்கிற வீராம்பட்டினம் கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அவனுக்கு ஏமாற்றம். எனக்கோ சிரிப்பு. அத்தனை கடல் தாண்டி, கருவாட்டுக்குப் பஞ்சமில்லாத ஊருக்குக் கருவாட்டுச் சாறு வந்திருக்கிறது. இங்கே தங்கியிருந்த யவன வியாபாரி எவனுக்கோ வீட்டுச் சாப்பாட்டு ஞாபகம் வந்திருக்கும். பாரீஸிலிருந்து கிளம்பும்போது அக்கா மகன் குழம்புத்தூள் கட்டிக்கொண்டு போகிற மாதிரிதான்.

காஸ் தீவு ஒயினைப் பற்றித்தான் ஒரு சுவாரசியமான சங்கதி படித்துச் சொன்னான். அதில் கடல் தண்ணீரைக் கலப்பார்களாம். கெடாமலிருக்கவும் ருசிக்கும். கேட்டோ என்ற ரோமானியர் அதைப் போலி செய்யும் முறையையே எழுதி வைத்திருக்கிறார், கடல்நீர் எவ்வளவு, எத்தனை நாள் என்பது உட்பட. அவருக்குப் பின், கி.பி. முதல் நூற்றாண்டில் காடிஸ்காரரான கொலுமெல்லா வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு புத்தகம் எழுதினார். அவரும் ஒயினுக்கு உப்புச் சேர்ப்பதைச் சொல்கிறார். தன் தந்தையின் உடன்பிறந்தவர் வெப்பக் காற்று வீசும் கோடையில் திராட்சைக் கொடிகளைப் பனையோலைப் பாய்களால் மூடிக் காப்பாற்றியதையும் எழுதியிருக்கிறார். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அரிக்கமேட்டில் ஜாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

யார் குடித்தார்கள்? யவனர் மட்டுமல்ல. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில் அந்தத் தேறல் உப்புக்கரித்திருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் தமிழய்யா பீரியட் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் செல்லிப்பட்டு திரும்பியபோது அக்கா வாசலில் கொல்லைத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கதை முழுவதும் கேட்டார். மீன்சாறு என்றதும்தான் முகம் மலர்ந்தது. "பின்ன? கருவாடு இல்லாம எவன் இருப்பான்" என்றார்.

பிறகு ஆச்சரியமாக, "அந்தக் கருமத்தத் தொற. என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றார்.

அன்று ராத்திரி வஞ்சிரம் வறுவல். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றினான். அக்கா வாசம் பிடித்ததோடு சரி. "பச்சை ஆப்பிள் வாசன. அப்புறம் மழ பேஞ்ச சுண்ணாம்புச் செவுரு" என்றார். அக்கா மகன் என்னைப் பார்த்தான். அவன் இதைச் சொல்லக் கற்றுக்கொள்ளப் பல மாதம் வகுப்புக்குப் போயிருக்கிறான். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பு சுத்தமாக இல்லை. புளிப்பும் அதிகமில்லை. விழுங்கிய பிறகு உதட்டோரத்தில், கடற்கரையில் நின்றுவிட்டு வந்தால் இருக்குமே, அந்த மாதிரி லேசான கரிப்பு.

"அந்த உப்புக்குத்தான் மாமா காசு" என்றான். கடற்காற்றில் வருகிறது என்பார்களாம் சிலர். சுண்ணாம்பு மண்ணில் வருகிறது என்பார்களாம் சிலர். மண்ணின் உப்பு அப்படி நேராக வேர் வழியே ஏறிக் கோப்பைக்கு வந்துவிடாது என்று ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். எதுவானாலும் அந்தக் கரிப்பைச் சொல்லித்தான் பாரீஸில் பாட்டில் விற்கிறது.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உப்புக்குக் காசு குடுக்கறானா?" என்றார். "பாகூர்ப் பக்கம் எங்க நாத்தனா ஊருக்குப் போவச் சொல்லு. போர்ல சும்மாவே வருது."

அங்கே பேச்சு நின்றது. கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் நிலத்துக்குள் நகர்ந்து வருகிறது. முதலில் டீயின் ருசி மாறும், பிறகு துவரம்பருப்பு வேகாது, பிறகு நாற்றங்கால் நுனி கருகும். அக்காவின் நாத்தனார் வீட்டில் குடிக்க கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. நெல் போட்ட கழனியில் இப்போது சவுக்கு நிற்கிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் நின்று மணலுக்குள் இறங்கினால், அந்த அழுத்தம் கடலை வெளியே தள்ளி வைத்திருக்கும். படுகை அணைகளின் பெரிய வேலையே அதுதான். தண்ணீர் கடலுக்கு ஓடிவிட்டால், பதிலுக்குக் கடல் வரும்.

செல்லிப்பட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர். இங்கே இன்னும் தண்ணீர் இனிக்கிறது. ஆனால் அணை உடைந்தபின் வந்த முதல் கோடையிலேயே மோட்டார் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது என்று அக்கா சொன்னார். ராத்திரி ஷிப்டில் மோட்டார் போட்டு, ஊற்று ஊறக் காத்திருந்து, மறுபடி போட்டு, ஒன்றரை ஏக்கர் கரும்பைக் காப்பாற்றியிருக்கிறார். அதை மகனிடம் போனில் சொல்லவே இல்லை. பெட்டி நிறைய ஸ்வெட்டரும் சாக்லேட்டும் வாங்கி வந்தவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா? அங்கேருந்து தண்ணி அனுப்புவியா?"

அவன் இன்னும் பத்து நாள் இருந்தான். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் பார்த்தான், மனைவிக்குப் பட்டுப்புடவை எடுத்தான். நடுவில் ஒருநாள் எங்கேயோ காணோமே என்று தேடினால், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கரும்புக்கும் வரப்புக்கும் நடுவே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் சரிவைப் பார்த்து வரிசையாகக் குழிகள். இருபது இருக்கும். ஹெரெஸில் வெட்டுகிற மாதிரி என்றான். நம் மண் வேறு, மழை வேறு, ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டினால் இதெல்லாம் தூர்ந்துபோகும் என்று பக்கத்துக் கழனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாம். அவனும் மறுக்கவில்லை. கை கொப்பளித்திருந்தது.

மீதி ஒயினை அவன் கிளம்பிய அன்று அக்கா சாக்கடையில் கொட்டிவிட்டார். பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, இப்போது அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். கார்க் நன்றாக அடைக்கிறதாம்.

போன வாரம் மூன்று நாள் மழை. அக்காவுக்கு போன் செய்தேன். எடுத்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. "குழில தண்ணி நிக்குதுடா" என்றார். "பதினேழுல நிக்குது. மூணு தூந்து போச்சு."